மனநோய்க்குச் சிகிச்சையும் மெடிக்கல் கார்டும்: கோலாலம்பூரில் முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

என் தம்பி தன் அப்பாயின்ட்மென்ட் கார்டை லைசென்ஸ் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருப்பான். மேலே 'ஜபாத்தான் சிக்கியாத்ரி' (மனநலப் பிரிவு) என்று அச்சடித்த வரி உள்பக்கம் போகும்படிதான் மடிப்பான். இரண்டு வருடம் அப்படி மடித்து மடித்து, அந்த வரி இருந்த இடமே நைந்து கிழிந்துவிட்டது. கவுண்டரில் தாதி புதுக் கார்டு எழுதித் தந்தார்.

அவனுக்கு வந்திருப்பது பைபோலார், அதாவது இருமுனை மனநோய். நாங்கள் செந்தூலில் இருக்கிறோம். நோய் தொடங்கி ஒழுங்கான சிகிச்சை கிடைக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் தனியார் மருத்துவமனைக்கு 11,400 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, ஒரு காசு தரவில்லை. அதற்குப் பிறகு பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்தபோதும் அதே மனநோயைக் காரணம் காட்டி கார்டை முடக்கினார்கள். எதை எந்த வரிசையில் செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. உங்கள் வீட்டில் இது இப்போதுதான் தொடங்கியிருந்தால், இந்த வரிசையில் போங்கள்.

1. முதலில் அரசாங்கக் கிளினிக்

மெடிக்கல் கார்டு இருக்கிறதே என்று நேராகத் தனியார் மருத்துவமனைக்குப் போகாதீர்கள். நாங்கள் செய்த முதல் தவறு அதுதான். பெரும்பாலான கார்டுகள் மனநோய்க்குப் பணம் தருவதில்லை. ஏன் என்று 5-ஆம் படியில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. கவுண்டரில் எல்லார் முன்னாலும் நோயைச் சொல்ல வேண்டியதில்லை. 'தூக்கம் வரவில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும்' என்றால் போதும். உள்ளே போனதும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர்கள் கேள்வித்தாள் ஒன்று கொடுப்பார்கள். பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அம்மா அப்பாவுக்கு என்றால், தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தாதியை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் பெரியவர்கள் பாதியை மறைத்துவிடுவார்கள். என் அம்மா அப்படித்தான் செய்தார்.

டாக்டர் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றால் கடிதம் எழுதித் தருவார். எங்களை ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தித்திவங்சா எல்ஆர்டியில் இறங்கினால் பக்கம். கட்டணம் இப்படி: அரசாங்கக் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் தடவை இலவசம், தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் தடவை 30 வெள்ளி, அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் 5 வெள்ளி. மருந்தும் அதிலேயே அடக்கம். தனியாரில் தம்பிக்கு மாத மருந்துக்கு மட்டும் 280 வெள்ளி போனது. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு கூடுதல். இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்கள் முதலில் முதலாளியின் காப்புறுதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நேரம்: தம்பிக்கு முதல் அப்பாயின்ட்மென்ட் ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அதுவரை அந்தக் கிளினிக் டாக்டரையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தோம். நிபுணரைப் பார்க்கும் நாளில் காலை எட்டு மணிக்குப் போனால் மருந்து வாங்கித் திரும்ப மதியம் ஒன்று ஆகும். அரை நாள் லீவு பத்தாது, முழு நாளாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நிலைமை சீரான பிறகு, தொடர் மருந்தை வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள வழி உண்டு. ஃபார்மசி கவுண்டரில் 'எஸ்பியுபி' என்று கேளுங்கள். மருந்தைப் பொறுத்து அனுமதிப்பார்கள்.

கடிதம் இல்லாமலே போகக்கூடிய 'மென்தாரி' என்ற சமூக மனநல மையங்களையும் சுகாதார அமைச்சு நடத்துகிறது. மருத்துவமனை வாசலைக் கண்டாலே பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல தொடக்கம். கவுன்சலிங் மட்டும் தனியாரில் போவதென்றால், அவர் மலேசியக் கவுன்சலர் வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பதிவு எண் இல்லாதவர் கொடுக்கும் ரசீது பின்னால் வரிக்கழிவுக்கும் உதவாது.

2. அவசரம் என்றால் காத்திருக்காதீர்கள்

உயிரை விட்டுவிடுவேன் என்று ஒருவர் சொன்னால், அதைச் சொன்ன அன்றே எந்த அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் அழைத்துப் போகலாம். கடிதம் வேண்டாம், அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். அழைத்துப் போக முடியாத நிலை என்றால் 999. பேச ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, தாலியான் காசே 15999.

இன்னும் பல குடும்பங்கள் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள். அதற்காக இப்போது யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. தெரிந்தவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

3. வீட்டில் என்ன பெயர் சொல்வது என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் மற்ற எல்லாப் படியும் இடறும். எங்கள் வீட்டில் முதல் ஆறு மாதம் அந்த நோய்க்குப் பெயரே இல்லை. அம்மாவுக்கு அது யாரோ வைத்த செய்வினை. மாமாவுக்கு 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்'. பேராவில் இருக்கும் மனநல மருத்துவமனையின் ஊர்ப் பெயரை நம் சனங்கள் வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். அப்பா மட்டும் 'நரம்புத் தளர்ச்சி' என்பார். அது கொஞ்சம் கௌரவமாகப் பட்டிருக்கும்.

அப்பா தம்பியின் மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். விருந்தாளி கண்ணில் படக்கூடாதாம். காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி இரவு மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு மோட்டாரில் வேலைக்குப் போனான். ஜாலான் ஈப்போவில் சிக்னலில் நின்றபடியே கண்ணயர்ந்து சாய்ந்துவிட்டான். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் பிரேக் பிடித்ததால் அவன் இன்று இருக்கிறான்.

அன்று இரவு நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். டாக்டர் சொன்ன பெயரையே சொல்வது என்று முடிவு செய்தோம். சர்க்கரை வியாதி என்று சொல்வதுபோல 'பைபோலார்' என்று சொல்வது. மருந்தை மைலோ டின்னில் வைக்காமல், அப்பாவின் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் மேசை மேலேயே வைப்பது. கோவிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது வீணான சண்டை. அம்மா பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார், தம்பியும் கூடப் போனான். மாத்திரையும் போட்டுக்கொண்டான். சாமியாடி 'ஊசி மருந்தை நிறுத்து' என்றால் மட்டும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உறவினர் எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும் என்று இல்லை. யாரிடம் சொல்வது என்பது நோயாளியின் முடிவு. ஆனால் டாக்டரிடமும் காப்புறுதிப் படிவத்திலும் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் பெயர் சொல்லிப் பழகாதவர்களுக்கு அங்கே வாய் வராது.

4. ஒரு கோப்பு திறங்கள்

வளையம் வைத்த கோப்பு ஒன்று, பிளாஸ்டிக் பைகள் இருபது. பத்து வெள்ளிக்குள் முடியும். முதல் நாளிலிருந்து வரும் ஒவ்வொரு தாளையும் தேதி வரிசையில் போடுங்கள்: கிளினிக் கடிதத்தின் நகல் (மூலத்தை மருத்துவமனை வைத்துக்கொள்ளும், கொடுக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்), அப்பாயின்ட்மென்ட் கார்டு, மருந்துச் சீட்டு, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), ரசீதுகள், டிஸ்சார்ஜ் தாள். மைகார்டு (அடையாள அட்டை) நகல் நாலைந்து எடுத்து வையுங்கள்.

மருத்துவ அறிக்கை வேண்டும் என்றால் மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். நோயாளியின் சம்மதக் கையெழுத்து கட்டாயம். கையில் நூறு வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் முடியும். எங்களுக்கு அறிக்கை வர ஆறு வாரம் ஆனது. காப்புறுதிக் கம்பெனி 'முப்பது நாளுக்குள் அறிக்கை கொடு' என்று எழுதினால் பதறாதீர்கள். விண்ணப்பித்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பி, கூடுதல் நாள் கேட்டு எழுதுங்கள். கொடுப்பார்கள்.

5. கையில் இருக்கும் பாலிசியைப் படியுங்கள்

ஏஜெண்ட் கொடுத்த வண்ணத் தாளைப் படித்தால் பத்தாது. முழு ஒப்பந்தத்தை எடுங்கள். இல்லையென்றால் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். அதில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்ற பகுதிக்குப் போங்கள். மலாயில் என்றால் 'பெங்கெச்சுவாலியான்'. எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற பட்டியல் அது. 'சைக்கோட்டிக், மென்டல் ஆர் நெர்வஸ் டிஸ்ஆர்டர்ஸ்' என்று தொடங்கும் ஒரு வரி அங்கே இருக்கும். பக்கத்திலேயே தற்கொலை முயற்சிக்கும் தானே செய்துகொண்ட காயத்துக்கும் இன்னொரு வரி.

தம்பி தனியார் வார்டில் படுத்திருந்தபோது, அட்மிஷன் கவுண்டரில் நின்றுகொண்டே நான் அந்தப் பக்கத்தைத் தேடினேன். பிரசவம், பல் வைத்தியம், அழகு ஆபரேஷன் என்று விரல் வைத்துக்கொண்டே இறங்கினேன். அழகு ஆபரேஷனுக்கு நாலு வரி கீழே என் தம்பியின் நோய் இருந்தது. ஜிஎல், அதாவது பில்லைக் கம்பெனி கட்டும் என்ற உத்தரவாதக் கடிதம், வரவில்லை. மூவாயிரம் வெள்ளி டெபாசிட் கேட்டார்கள். அன்று இரவே அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் சொல்லாமல் விட்டோம். ஒன்பது நாள் பில் ஏறியது.

மலேசியாவில் உடல்நோய்க்குத் தரும் அதே பாதுகாப்பை மனநோய்க்கும் தர வேண்டும் என்று காப்புறுதிக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. அதனால் அந்த வரி சட்டப்படி செல்லும். அண்மை ஆண்டுகளில் ஒருசில கம்பெனிகள் சில மனநோய்களுக்கு மட்டும் தனி இணைப்பாகப் பாதுகாப்பு விற்கின்றன. அப்படி ஒன்று வாங்குவதென்றால் கேட்க வேண்டியவை: எந்த எந்த நோய் பட்டியலில் இருக்கிறது? வார்டில் படுத்தால் மட்டுமா, கிளினிக்கில் பார்த்தாலும் உண்டா? வருடத்துக்கு எவ்வளவு? காத்திருக்கும் காலம் எத்தனை நாள்? ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு உண்டா? பதில்களை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் உங்களுக்கு உண்டு. படித்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், மருத்துவப் பரிசோதனைச் செலவை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அந்த 15 நாளில்தான் படிக்க வேண்டும். நாங்கள் அதை அலமாரியில் பூட்டி வைத்தோம்.

6. புதிய கார்டு எடுக்கும்போது மறைக்காதீர்கள்

தம்பி கார்டு எடுக்கும் முன்பே, தூக்கம் வரவில்லை என்று ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று தடவை மருந்து வாங்கியிருந்தான். அதை அவன் ஏஜெண்டிடம் சொன்னான். 'அதெல்லாம் எழுத வேணாம் தம்பி, பிரீமியம் ஏறிடும்' என்று அவர் 'இல்லை' என்ற கட்டத்தில் தாமே கோடு போட்டார். தம்பி கையெழுத்துப் போட்டான்.

ஏஜெண்ட் அப்படிச் சொன்னால் பேனாவைக் கீழே வையுங்கள். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மை சொல்வது உங்கள் கடமை. வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் கம்பெனி முழு ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம், மனநோய்க்குச் சம்பந்தமே இல்லாத கிளெய்மையும் மறுக்கலாம். கவனக்குறைவு என்றால் வேறு கணக்கு: உண்மை தெரிந்திருந்தால் எந்த நிபந்தனையில் கொடுத்திருப்பார்களோ அதன்படிதான் நடக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், 8-ஆம் படியில் இதுதான் எங்களைக் காப்பாற்றியது.

படிவத்தில் ஒரு கேள்வி புரியவில்லை என்றால் 'தெரியவில்லை, டாக்டர் அறிக்கை இணைப்பு' என்று எழுதுங்கள். ஏஜெண்டிடம் வாயால் சொன்னதை அன்றே வாட்ஸ்அப்பிலும் எழுதுங்கள்: 'அண்ணே, இன்ன தேதியில் இன்ன கிளினிக்கில் தூக்க மருந்து வாங்கியதை உங்களிடம் சொன்னேன், படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.' அந்த ஒரு செய்தி பின்னால் ஆயிரக்கணக்கான வெள்ளி பெறும். பூர்த்தி செய்த படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும்? ஏற்றுக்கொள்ளலாம், பிரீமியத்தை ஏற்றலாம், மனநோயை மட்டும் விலக்கி மற்றதற்குக் கொடுக்கலாம், 'ஒரு வருடம் கழித்து வா' என்று தள்ளி வைக்கலாம், நிராகரிக்கலாம். ஒரே நோயை இரண்டு கம்பெனி இரண்டு விதமாகப் பார்க்கும். ஆனால் ஒரே நேரத்தில் நாலு கம்பெனிக்கு விண்ணப்பிக்காதீர்கள். 'இதற்கு முன் உங்களை யாராவது நிராகரித்திருக்கிறார்களா, தள்ளி வைத்திருக்கிறார்களா' என்ற கேள்வி அடுத்த படிவத்தில் இருக்கும். முதலில் ஏஜெண்ட் மூலம் பெயர் சொல்லாமல் விசாரியுங்கள், பிறகு ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். நோய் சீராகி, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார், மருந்து ஒழுங்காக எடுக்கிறார் என்று நிபுணர் எழுதிய கடிதத்தையும் இணையுங்கள். தம்பியின் நண்பன் ஒருவனை இரண்டு தடவை தள்ளி வைத்தார்கள். அந்தக் கடிதத்தோடு மூன்றாம் தடவை போனபோது மனநோயை மட்டும் விலக்கிக் கார்டு கொடுத்தார்கள்.

புதியது கைக்கு வரும் முன் பழைய கார்டை நிறுத்திவிடாதீர்கள். புதியதில் காத்திருக்கும் காலம் முதலிலிருந்து ஓடும்: பொதுவாக 30 நாள், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள்.

7. வேலையிடத்தில்

நோய் உச்சத்தில் இருக்கும்போது ராஜினாமாக் கடிதம் எழுத விடாதீர்கள். தம்பி ஓர் இரவு இரண்டு மணிக்கு எழுதி மின்னஞ்சலில் வைத்திருந்தான், அனுப்பவில்லை. வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது, கம்பெனியின் குழுக் காப்புறுதியும் போகும்.

வேலைச் சட்டப்படி எம்சி விடுப்பு, இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு 14 நாள், ஐந்து வருடம் வரை 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்கினால் அதற்கென்று 60 நாள் தனி. மனநோய்க்கு எழுதிய எம்சியும் எம்சிதான். அதில் நோயின் பெயர் எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்கலாம். மருத்துவமனை முத்திரையில் பிரிவின் பெயர் இருக்கும், அதை மறைக்க முடியாது.

மனிதவளப் பிரிவில் போய் 'எனக்கு மனநோய், காப்புறுதி உண்டா' என்று கேட்க வேண்டியதில்லை. 'குழுக் காப்புறுதியின் முழு விலக்குப் பட்டியல் வேண்டும்' என்று மட்டும் கேளுங்கள். நோய் தெரிந்த பிறகு பாகுபாடு காட்டினால், வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்கீழ் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

8. கிளெய்மை நிராகரித்தால்

பித்தப்பை ஆபரேஷன் பில் 18,000 வெள்ளி. கம்பெனி அனுப்பிய கடிதம் இரண்டே பத்தி: கார்டு எடுக்கும் முன் தூக்க மருந்து வாங்கியதை மறைத்தீர்கள், ஆகவே பாலிசி ரத்து. அப்பா அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, 'நாம மறைச்சது தப்புத்தானேம்மா, விட்டுடு' என்றார். விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

முதலில் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். கிளெய்ம் எண், நிராகரித்த கடிதத்தின் தேதி, நீங்கள் கேட்பது என்ன, மூன்றும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். கூடவே 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். 21 நாளுக்குள் தர வேண்டும்.

கம்பெனி இறுதி முடிவு சொன்ன பிறகும் திருப்தி இல்லை என்றால், அல்லது 60 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால், நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மேன் சேவைக்குப் போங்கள். 2025 ஜனவரி முதல் எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் இயங்குகிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். காப்புறுதிக்கு 250,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளை எடுப்பார்கள். இறுதி முடிவு வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். இந்தத் தேதியைத் தவற விட்டவர்கள் நிறையப் பேர். கடிதம் வந்த அன்றே காலண்டரில் குறியுங்கள். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 1-300-88-5465-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

எங்கள் வாதத்தை அப்படியே சொல்கிறேன், உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி ஏஜெண்டிடம் உண்மையைச் சொன்னான், மறைக்க நினைக்கவில்லை. ஆகவே அது வேண்டுமென்றே செய்ததல்ல. தூக்க மருந்தைப் படிவத்தில் எழுதியிருந்தால் கம்பெனி என்ன செய்திருக்கும்? அதிகபட்சம் மனநோயை விலக்கியிருக்கும். அந்த விலக்குதான் பாலிசியில் முதலிலிருந்தே இருக்கிறதே! அப்படியானால் பித்தப்பைக்கு அவர்கள் எப்படியும் பணம் கொடுத்திருக்க வேண்டும். இதை ஒரு பக்கத்தில் எழுதினேன். தம்பி ஏஜெண்டுக்கு அனுப்பிய பழைய செய்தி ஒன்று, 'அந்தத் தூக்க மாத்திரை விஷயம் சரியா அண்ணே?' என்று கேட்டது, கைப்பேசியில் கிடைத்தது. அதன் படத்தையும் இணைத்தோம்.

ஓம்பட்ஸ்மேன் சேவையில் இரண்டு தரப்பையும் அழைத்துப் பேசினார்கள். ஐந்து மாதம் ஆனது. பில்லின் பெரும் பகுதியைக் கம்பெனி கட்டியது, கார்டையும் திரும்பக் கொடுத்தது. எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று சொல்லமாட்டேன். அந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி இல்லையென்றால் எங்களுக்கும் முடிந்திருக்காது.

9. செலவில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்

வருமான வரி கட்டுகிறவர்கள் மனநலப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் செய்த செலவை வருடத்துக்கு 1,000 வெள்ளி வரை கழிவாகக் காட்டலாம். பதிவு பெற்ற மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சலர் ஆகியோர் கொடுத்த ரசீது மட்டும் செல்லும். ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.

வேலை செய்ய முடியாத அளவு நோய் நீடித்தால் பெர்கேசோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இயலாமைத் திட்டத்தில் ஓய்வூதியம் கேட்கலாம். மனநோய்க்கும் பொருந்தும். வயது 60-க்குள் இருக்க வேண்டும், முழுத் தகுதிக்குக் கடைசி 40 மாதத்தில் குறைந்தது 24 மாதச் சந்தா இருக்க வேண்டும். வேலையை விட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தால் இந்தக் கணக்கு கையை விட்டுப் போய்விடும்.

சமூகநல இலாகாவின் ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டில் மனநோய்க்கும் ஒரு பிரிவு உண்டு. மனநல மருத்துவரிடம் குறைந்தது இரண்டு வருடம் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் கட்டணச் சலுகை, உதவித்தொகை எல்லாம் அதன் வழியாக வரும். தம்பி வேண்டாம் என்றான், நாங்கள் வற்புறுத்தவில்லை.

10. சமமாகக் கொடு என்று எழுதிக் கேளுங்கள்

இது உங்கள் கிளெய்மோடு சம்பந்தப்பட்டதல்ல, ஆனாலும் செய்யுங்கள். யாரும் எழுதிக் கேட்காவிட்டால் அந்த ஒரு வரி பாலிசியில் அப்படியேதான் கிடக்கும். பாலிசி புதுப்பிக்கும் மாதத்தில், கம்பெனிக்கு ஒரு கடிதம், நகல் பேங்க் நெகாராவுக்கு, இன்னொரு நகல் உங்கள் தொகுதி எம்பியின் சேவை மையத்துக்கு. தபால் செலவு போக வேறு செலவில்லை.

ஒரு பக்கம் போதும். எத்தனை வருடமாக பிரீமியம் கட்டுகிறீர்கள், எந்த விலக்கு எண், அதனால் கையிலிருந்து எவ்வளவு செலவு, என்ன மாற்றம் கேட்கிறீர்கள். பொதுவாகக் குறை சொல்லாமல் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: 'அரசு அல்லது தனியார் வார்டில் மனநோய்க்காகத் தங்கும் செலவை மற்ற நோய்களுக்குரிய அதே வரம்பில் சேர்க்க வேண்டும்.' இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 21-ஆவது பிரிவில் இதையே காப்புறுதிக் கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நடக்காத காரியத்தைக் கேட்கிறார்கள் என்று அவர்கள் எழுத முடியாது. தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் மலேசிய மனநலச் சங்கம், மியாசா போன்ற அமைப்புகளோடு பேசுங்கள். நோயாளிகளும் குடும்பத்தாரும் அங்கே வருகிறார்கள்.

நாங்கள் போன ஆண்டு எழுதினோம். வரைவை நான் தட்டெழுதினேன். கீழே 'பாலிசிதாரரின் அக்கா' என்று என் பெயரைத்தான் போட்டிருந்தேன். தம்பி அதை அடித்துவிட்டுத் தன் பெயரையும் மைகார்டு எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூன்று வாரத்தில் பதில் வந்தது: 'உங்கள் கருத்தைக் கவனத்தில் கொண்டோம்.' அடுத்த புதுப்பிப்பு ஆகஸ்டில். அதற்கான கடிதம் கோப்பின் கடைசிப் பையில் தயாராக இருக்கிறது, தேதி மட்டும் போட வேண்டும்.